சிறு குழந்தைகளோடு தீவு விடுமுறை: எந்தத் தீவு, எந்த மாதம், எந்த வில்லா?

அலைமகள்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு நான்கு வயது. மகனுக்குப் பதினாறு மாதம். வரும் பிப்ரவரியிலோ ஜூலையிலோ ஒரு வாரம் வெப்பமண்டலத் தீவு ஒன்றில் தங்கலாம் என்று கணவரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். மாலத்தீவு, மொரிஷியஸ், செஷல்ஸ் ஆகிய மூன்றும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. மகன் பிறந்தபின் எங்களுக்குக் கிடைக்கும் முதல் நீண்ட விடுப்பு இது என்பதால், தங்குமிடம் உயர்தரமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் இணையத்தில் காணும் படங்களெல்லாம் தேனிலவுத் தம்பதியரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன. நீரின்மேல் தூண்நட்டு நிற்கும் மர வில்லாக்கள் என் கணவரை மயக்கிவிட்டன; அதே படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தெரிவதெல்லாம் கைப்பிடி இல்லாத மரத்தளமும் அதன் விளிம்பை நோக்கி ஓடும் என் மகனும்தான்.

எதை முதலில் தீர்மானிக்க வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மாலத்தீவைத் தேர்ந்தெடுத்தால் எங்களுக்கு வசதியான விமானம் மாலை ஐந்து மணியளவில்தான் அங்கே தரையிறங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெற்குக்காற்று:

சகோதரி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன செய்தியிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும். மாலத்தீவில் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது, பெரும்பாலும், விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பதுதான். சுமார் 1,200 தீவுகள் வடக்குத் தெற்காக நெடுந்தொலைவு சிதறிக் கிடக்கும் நாடு அது. ஒவ்வொரு ரிசார்ட்டும் ஏறத்தாழ ஒரு தனித் தீவு. தலைநகர் மாலேயை ஒட்டிய வேலானா விமான நிலையத்தில் இறங்கியபின் உங்களுக்கு மூன்று வழிகள் உண்டு: விரைவுப்படகு, கடல்விமானம், அல்லது உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

இவற்றுள் கடல்விமானம்தான் படங்களில் அழகாக வரும். ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை ஐந்து மணிக்கு இறங்குபவர்கள் அன்றைக்குக் கடல்விமானம் ஏறவே முடியாது. தலைநகர்ப் பகுதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை மீண்டும் மூட்டை கட்டிப் புறப்பட வேண்டும். நேரத்துக்கு இறங்கிவிட்டாலும், பல தீவுகளின் பயணிகளைச் சேர்த்து ஏற்றுவதால் காத்திருப்பு நீளலாம். வழியில் வேறொரு தீவில் இறங்கி ஏறவும் நேரிடலாம். புறப்படும் நேரமே பெரும்பாலும் முந்தைய நாள் மாலையில்தான் உறுதியாகத் தெரியும். உள்ளே கழிப்பறை கிடையாது, இயந்திர இரைச்சல் காதைத் துளைக்கும், பெட்டிகளுக்கு வழக்கமாக ஆளுக்கு இருபது கிலோ என்ற வரம்பு உண்டு. டயப்பர், பால்பொடி, தள்ளுவண்டி என்று சுமந்து வருபவர்களுக்கு அந்த இருபது கிலோ எவ்வளவு சிறியது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எனவே, மாலத்தீவு என்றால் வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தில், படகில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ரிசார்ட்டுகளை மட்டும் பாருங்கள். இருட்டியபின்னும் படகு உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அலை இருக்கும் நாளில் படகின் முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். குழந்தையோடு இருப்பவர்கள் பின்பக்க இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். பதினாறு மாதக் குழந்தையின் எடைக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி படகில் இருக்குமா என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

மலையும்கடலும்:

மேலே சொன்ன அத்தனை தொல்லையும் மொரிஷியஸில் இல்லை என்பதை யாரேனும் சொல்ல வேண்டும் அல்லவா? விமானம் நள்ளிரவில் இறங்கினாலும் வெளியே கார் நிற்கும். தீவின் எந்த மூலைக்கும் சாலைவழியாகவே போய்விடலாம். விமான நிலையம் தென்கிழக்கில் இருப்பதால் வடக்கில் உள்ள கிராண்ட் பே பகுதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் முழுவதும் குழந்தை தன் இருக்கையில் தூங்கிக்கொண்டு வரும். தீவின் பெரும்பகுதியைப் பவளத்திட்டு சூழ்ந்திருப்பதால் திறந்த கடலின் அலைகள் வெளியிலேயே உடைந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் லகூனில் முழங்கால் அளவு நீரில் குழந்தைகள் நெடுநேரம் விளையாடலாம். த்ரூ ஓ பிஷ், பெல் மார் போன்ற கடற்கரைகளைக் குடும்பங்கள் நாடுவதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு பெரிய நன்மை, ரிசார்ட்டுக்கு வெளியேயும் ஒரு நாடு இருக்கிறது. மருந்துக் கடை, பல்பொருள் அங்காடி, மருத்துவமனை, மழை பெய்தால் போய்ப் பார்க்கத் தாவரவியல் பூங்கா என எல்லாம் கார் தூரத்தில் உண்டு. டயப்பர் தீர்ந்துபோனால் ரிசார்ட் கடையில் சொல்லும் விலையைக் கொடுத்துத்தான் தீரவேண்டும் என்ற நிலை வராது. ஒரு வாரம் முழுவதும் ஒரே மணல்திட்டைச் சுற்றிச் சுற்றி வருவது பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு மூன்றாம் நாளே சலிக்கும்.

தெற்குக்காற்று:

நண்பரே, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் மாதத்தையும் பார்க்க வேண்டும். மொரிஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அதில் பிப்ரவரி நடுநாயகமான மாதம். ஒவ்வோர் ஆண்டும் புயல் தாக்கும் என்பதல்ல, ஆனால் எச்சரிக்கை விடுக்கப்பட்டாலே விமானங்கள் தடைப்படும், கடலில் இறங்க முடியாது. ஜூலை அங்கே குளிர்காலம். தென்கிழக்கு வணிகக்காற்று கிழக்குக் கரையில் விடாமல் வீசும். கடல்நீரின் வெப்பம் 23 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். பெரியவர்களுக்கு அது இதமான நீர், ஆனால் பதினாறு மாதக் குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் உதடு நடுங்கத் தொடங்கும். ஜூலையில் போவதானால் காற்று மறைவான மேற்கு, வடமேற்குக் கரைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாலத்தீவு நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் புயல்கள் அதை நேரடியாகத் தாக்குவது அரிது. கடல்நீர் ஆண்டு முழுவதும் 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று, வறண்ட வானிலை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, மழையும் அலையும் கூடுதல். பிப்ரவரி என்றால் மாலத்தீவு, ஜூலை என்றால் மொரிஷியஸின் மேற்குக் கரை என்பது என் கருத்து.

மலையும்கடலும்:

பிப்ரவரியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதம் மொரிஷியஸில் புழுக்கமும் மழையும் மிகுதி. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செஷல்ஸைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதற்காக ஒரு வார்த்தை: அதன் முக்கியத் தீவுகள் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன, கருங்கற் பாறைகளும் காடும் கடற்கரையும் சேர்ந்த அந்த அழகுக்கு மற்ற இரண்டும் ஈடாகா. ஆனால் கடற்கரைக்குக் கடற்கரை நீரின் இயல்பு அடியோடு மாறும். லா டீக் தீவின் ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் கரையில் நீர் தொட்டி போல ஆழமற்றுக் கிடக்கும். மாஹே தீவின் ஆன்ஸ் இன்தான்தான்ஸ் கரையில் பேரலைகளும் இழுப்பும் பெரியவர்களுக்கே ஆபத்தானவை. லா டீக் போய்ச் சேரப் பெரும்பாலும் வழியில் படகு மாற வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் செஷல்ஸ் நல்ல இடம்.

பவளத்திட்டு:

நீர்மேல் வில்லாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் உங்கள் கணவர் கட்சி. எங்கள் மூத்தவனுக்கு மூன்று வயதானபோது அத்தகைய வில்லாவில் தங்கினோம். அவன் காலையில் எழுந்ததும் தரையில் பதித்த கண்ணாடி வழியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். குழந்தைகளுக்கு ஏற்றவாறு கைப்பிடி அடைப்பும் பூட்டக்கூடிய கதவும் வைத்துக் கட்டிய நீர்மேல் வில்லாக்கள் சில இடங்களில் உண்டு. குழந்தை பிறந்துவிட்டது என்பதற்காகப் பெற்றோர் தங்கள் ஆசைகள் அனைத்தையும் மடித்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

தாழம்பூ:

பவளத்திட்டு அவர்களே, ஆசையை மடித்து வைக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தையிடம் "அங்கே போகாதே" என்று சொன்னால் பாதி நேரமாவது கேட்கும். பதினாறு மாதக் குழந்தைக்கு அந்தச் சொல்லே ஓர் அழைப்பு. நீர்மேல் வில்லாவின் அமைப்பை நினைத்துப் பாருங்கள்: படுக்கையறைக் கதவைத் திறந்தால் தளம், தளத்தின் ஓரத்தில் கடலுக்கு இறங்கும் படிக்கட்டு, பக்கத்திலேயே வலைத்தொட்டில், சில இடங்களில் ஒரு சிறு நீச்சல்குளமும். தாயோ தந்தையோ குளியலறைக்குப் போய் வருவதற்கும் காவல் மாற்ற வேண்டும். பல ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அவ்வில்லாக்களில் அனுமதிப்பதே இல்லை; வேறு சில, பொறுப்பு உங்களுடையதே என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கின்றன. நிர்வாகமே கையொப்பம் கேட்கும் இடத்தில் ஒரு வாரம் எப்படி நிம்மதியாகத் தூங்குவது?

கரையில் இருக்கும் வில்லாவில், கதவைத் திறந்தால் மணல். ஒரு வாளியும் கரண்டியும் போதும். இடையில் மர நிழலும் செடிகளும் இருக்கும். கடல் இருபது முப்பது அடி தள்ளி இருக்கும். இரண்டு படுக்கையறை உள்ள வில்லாவைக் கேளுங்கள். இரண்டு தனி வில்லாக்களை எடுத்தால், குழந்தைகள் தூங்கியபின் கணவன் ஒரு வில்லாவிலும் மனைவி இன்னொன்றிலுமாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரே அறையில் நால்வரும் என்றால் இரவு ஏழரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிசுகிசுக்க வேண்டும். நடுவில் ஒரு கதவு என்பதைத்தான் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு முதல் சொகுசு என்று நான் சொல்வேன். மற்ற அலங்காரங்களெல்லாம் அதற்குப் பின்புதான்.

அலைமகள்:

எல்லோருக்கும் நன்றி. தாழம்பூ அக்கா எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். "கரை வில்லாவே போதும், ஆனால் ஒரு நாளாவது அந்த மரப்பாலத்தில் நடந்து பார்த்துவிட்டு வருவேன்" என்று இறங்கி வந்துவிட்டார். பிப்ரவரியில் மாலத்தீவு என்று ஏறக்குறைய முடிவாகிறது. இனி உடல்நலம் பற்றியும், ரிசார்ட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றம் பற்றியும் கேட்க வேண்டும். மகளை அங்கே விட்டால் நாங்கள் சற்று ஓய்வெடுக்கலாமா?

வெண்சங்கு:

நான் குழந்தைநல மருத்துவர். இத்தகைய பயணத்துக்கு முன் பெற்றோர் வந்து கேட்பவை பெரும்பாலும் மலேரியாவைப் பற்றியே இருக்கும். மாலத்தீவு மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சான்றளித்திருக்கிறது. ஆனால் டெங்கு உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதால், இரவில் வலை கட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டியை இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். கைகளில் தடவ வேண்டாம், அவை நேராக வாய்க்குப் போகும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை இயற்கையானவை என்ற எண்ணத்தில் பலர் வாங்குகிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

வெயில்தான் முதல் எதிரி. நிலநடுக்கோட்டுப் பகுதியில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது வழக்கம். மணலும் நீர்நுரையும் அதைத் திருப்பி வீசுவதால் குடைநிழலிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. காலை பத்து மணிக்குள் ஒரு முறை, மாலை நான்கு மணிக்குப் பின் ஒரு முறை என்று கடலை வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் தூக்கத்துக்கும் உரியது. முழுக்கை நீச்சலுடையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் எந்தக் களிம்பையும்விட நம்பகமானவை. சன்ஸ்கிரீன் வாங்கும்போது துத்தநாக ஆக்சைடு அடிப்படையிலானதாகப் பாருங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை பவளத்துக்குத் தீங்கு என்ற கவலையால் ஹவாய் 2021இல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடைசெய்தது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலேயே தடை கொண்டுவந்தது. எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரைவிட்டு வந்தபோதெல்லாமும் மீண்டும் தடவ வேண்டும்.

உங்கள் மகள் சங்கு பொறுக்கும் வயதில் இருக்கிறாள் என்பதால் இதையும் சொல்கிறேன். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் கூம்பு வடிவில், அழகிய வரிகளோடு ஒருவகைச் சங்குகள் உண்டு. உள்ளே உயிர் இருந்தால், அது நஞ்சூட்டிய முள்ளால் குத்தும். சில இனங்களின் நஞ்சு மனிதரைக் கொல்லக்கூடியது. "எடுக்காதே, என்னைக் கூப்பிடு, சேர்ந்து பார்க்கலாம்" என்று முன்னமே பழக்கிவிடுங்கள். நீரில் நடக்கக் குழந்தைகளுக்கும் உங்களுக்கும் ரப்பர் அடிக் காலணி கட்டாயம். பவளம் கீறிய புண் எளிதில் ஆறாது. வாய்வழி நீர்ச்சத்துப் பொடி, எடைக்கேற்ற அளவு எழுதிய காய்ச்சல் மருந்து, வெப்பமானி ஆகியவை பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். விமானம் இறங்கும்போது இளையவனுக்குப் பாலோ நீரோ குடிக்கக் கொடுங்கள். விழுங்கும்போது காது அழுத்தம் சீராகும்.

நீரைப் பற்றி ஒன்றே ஒன்று. மூழ்கும் குழந்தை கத்தாது, கையசைக்காது; ஓசையில்லாமல் நீருக்குள் போய்விடும். எனவே "இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பது எவரும் பார்க்காததற்குச் சமம். இந்த அரைமணி நேரம் யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருப்பவர் கைக்கெட்டும் தொலைவில், கையில் தொலைபேசி இல்லாமல் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்கள். அவற்றை உயிர்காப்புக் கருவியாக எண்ண வேண்டாம்.

தாழம்பூ:

குழந்தைகள் மன்றத்தைப் பற்றி: பெரும்பாலானவை மூன்று அல்லது நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஏற்கின்றன, கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றன. மகளை ஏற்பார்கள், மகனுக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் செவிலித்தாய் ஏற்பாடுதான். அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அன்றன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. வயது வரம்பை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் அறையில் தொலைக்காட்சியும் வண்ணப் பென்சிலும் வைத்துவிட்டு மன்றம் என்று பெயர் சூட்டிய இடங்கள் உண்டு. எத்தனை குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அன்றாட நிகழ்ச்சி நிரல் என்ன, மன்றத்தின் நீச்சல்குளம் எவ்வளவு ஆழம் என்ற மூன்று கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே தரம் தெரிந்துவிடும். முதல் நாள் அவளை விட்டுவிட்டு நழுவாமல், நீங்களும் கூட உட்கார்ந்து ஏதேனும் செய்யுங்கள். அடுத்த நாள் அவளே உங்களைப் போகச் சொல்வாள்.

மணல்வீடு:

இத்தனை ஏற்பாட்டையும் படித்தபின் எனக்கு ஓர் ஐயம். பதினாறு மாதக் குழந்தைக்கு இந்தப் பயணத்தில் எதுவுமே நினைவில் நிற்காது. அவனுக்குத் தேவை மணலும் நீரும். அவை எந்தக் கரையிலும் உண்டு. பிள்ளைகள் சற்று வளரும்வரை காத்திருந்து, மீன்களைப் பார்த்து மகிழும் வயதில் அழைத்துப் போனால் என்ன?

பவளத்திட்டு:

அவனுக்கு நினைவில் நிற்காதுதான், ஐயா. அவனைப் பெற்றவர்களுக்கு நிற்கும். ஒன்றரை ஆண்டாக முழு இரவு தூங்காத இருவருக்கு, வேறொருவர் சமைத்து, வேறொருவர் துடைத்து, வேறொருவர் படுக்கை விரிக்கும் ஒரு வாரம் என்பது ஆடம்பரம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதோடு, மாலத்தீவில் பலர் கவனிக்காத ஒரு வசதி: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் படகுக் கட்டணம் கிடையாது, தங்கும் கட்டணம் கிடையாது. காத்திருந்தால் அந்தச் சலுகைதான் போகும்.

கணக்குப்பிள்ளை:

பேச்சு சலுகைக்கு வந்துவிட்டதால் நானும் வருகிறேன். மாலத்தீவு ரிசார்ட்டுகளின் விலைப்பட்டியலில் தொகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதற்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் உண்டு என்று பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக நூற்றுக்குப் பத்து. சுற்றுலாத் துறைக்கான சரக்கு சேவை வரி 2025 ஜூலை முதல் நூற்றுக்குப் பதினேழு. இவை தவிரப் பசுமை வரி என்று ஒன்று, 2025 முதல் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 அமெரிக்க டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விலக்கு. ஆக, பயணத்தின்போது உங்கள் மகனுக்கு இரண்டு நிறையாவிட்டால் இந்த வரி மூன்று பேருக்குத்தான்.

"பன்னிரண்டு வயது வரை இலவசம்" என்ற விளம்பரத்தில் இலவசம் எது என்று பாருங்கள். பெற்றோர் அறையில் படுப்பது மட்டும் இலவசமாக இருந்து, உணவுக்கும் படகுக்கும் தனியே வாங்குவார்கள். இன்னும் சில இடங்களில் பெற்றோர் எடுக்கும் உணவுத் திட்டமே பிள்ளைகளுக்கும் பொருந்தும். தீவில் வேறு கடை இல்லாததால், காலை உணவு மட்டும் உள்ள திட்டத்தை எடுத்துவிட்டு வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. பிள்ளைகள் நேரங்கெட்ட நேரத்தில் பாலும் பழமும் கேட்பார்கள். ஆகவே, மூன்று வேளைக்கும் குறையாத திட்டமே பொருத்தம். மதுபானத்தையும் உள்ளடக்கிய முழுத் திட்டம், அருந்துபவர் இல்லாத குடும்பத்துக்கு வீண். ஆண்டிறுதியில் போகிறவர்களுக்குக் கட்டாய விருந்துக் கட்டணம் என்று ஒரு பெருந்தொகை ஏறும். பிப்ரவரியில் அது இல்லை.

நுழைவிசைவு இறங்கியதும் முப்பது நாளுக்குத் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, இணையத்தில் பயணி அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் அவசர இடமாற்றச் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். தீவில் ஒரு மருத்துவர் இருந்தாலும், அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு மாலேக்குத்தான் போயாக வேண்டும். இரவில் அது படகுப் பயணம் என்பதால், மாலேக்கு அருகில் இருக்கும் தீவு என்று தெற்குக்காற்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் கிடைக்கிறது.

அலைமகள்:

கணக்குப்பிள்ளை ஐயா, மிக்க நன்றி. வடக்கு மாலே பகுதியில் இரண்டு ரிசார்ட்டுகளைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். இரண்டிலும் இரவிலும் படகு உண்டு. ஒன்றில் வீட்டுவாசலிலேயே பவளத்திட்டு, முகமூடி அணிந்து நீரில் இறங்கினால் உடனே மீன்கள் என்கிறார்கள். மற்றதில் லகூன் மிகப் பரந்தது, ஆனால் மீன் பார்க்கப் படகில் போக வேண்டும். வில்லாக்களையும் சூரியோதயப் பக்கம், அஸ்தமனப் பக்கம் என்று பிரித்து, பின்னதற்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

தெற்குக்காற்று:

முதல் கேள்விக்கு விடை எளிது. பவளத்திட்டு கரையை ஒட்டியிருந்தால், ஆழமும் கரையை ஒட்டியே தொடங்கும். கால்படும் இடமெல்லாம் பவளத் துண்டுகள் கிடக்கும். உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் பரந்த லகூன்தான். கணவருக்கு மீன் பார்க்கும் ஆசை இருந்தால் ஒரு காலையில் அவர் மட்டும் படகில் போய்வரட்டும், மறுநாள் நீங்கள் போங்கள். அவர் அழுத்தக் காற்று உருளையோடு ஆழ்கடலில் இறங்குபவராக இருந்தால், கடைசி இறக்கத்துக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே பதினெட்டு மணி நேரமாவது விட வேண்டும்.

இரண்டாவது கேள்வியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மற்ற காலத்தில் கேட்டிருந்தால், அஸ்தமனப் பக்கத்துக்குக் கூடுதல் பணம் தராதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். பிற்பகல் வெயில் முழுவதும் அந்தத் தாழ்வாரத்தில்தான் அடிக்கும், குழந்தைகள் உறங்கப்போகும் வேளையில் திரைச்சீலையைத் தாண்டி வெளிச்சம் வரும். ஆனால் பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கிழக்குப் பக்கம் சிற்றலையும் காற்றுமாக இருக்கும். மேற்குப் பக்கம் காற்று மறைவாக, நீர் அசையாமல் கிடக்கும். ஜூலையில் இது தலைகீழாகும். ஆகவே இந்த மாதத்துக்கு மட்டும் மேற்குப் பக்கத்தையே எடுங்கள். முன்னால் மரநிழல் அடர்ந்த வில்லாவாகக் கேளுங்கள். மணல் பருவக்காற்றோடு இடம் மாறும் என்பதால், அந்த வில்லாக்களின் முன்னால் பிப்ரவரியில் கடற்கரை எவ்வளவு அகலம் என்றும், மணல்மூட்டை அடுக்கிய தடுப்பு உள்ளதா என்றும் எழுதிக் கேட்டு, அண்மையில் எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு சிறு செய்தி: பல ரிசார்ட்டுகள் தங்கள் தீவில் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. படகு நேரம் சொல்லும்போது எந்தக் கடிகாரம் என்று கேளுங்கள். பிள்ளைகளின் தூக்க நேரத்தையும் அதற்கேற்பப் பாருங்கள்.

தாழம்பூ:

தனி நீச்சல்குளம் உள்ள வில்லாவா, இல்லாததா என்பதைச் சொல்லவில்லையே? மேலே நாம் பேசிய அத்தனையும் அந்த ஒரு குளத்தால் வீணாகிவிடக்கூடும். குளத்தைச் சுற்றித் தற்காலிக வேலி போடுவார்களா என்று கேளுங்கள். கடற்கரையில் உயிர்காவலர் இருப்பாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா ரிசார்ட்டுகளிலும் இருப்பதில்லை.

அலைமகள்:

எழுதிக் கேட்டேன்; இன்று பதில் வந்துவிட்டது. குளத்துக்கு வேலி உண்டு, ஆனால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், அதுவும் மூன்று பக்கம்தான் அடைக்க முடியுமாம். வில்லாவை நோக்கிய பக்கம் திறந்தே இருக்கும் என்கிறார்கள். உயிர்காவலர் பொது நீச்சல்குளத்தில் மட்டும், மாலை ஆறு வரை. ஆகவே குளம் இல்லாத, இரண்டு படுக்கையறை உள்ள, மேற்குப் பக்கக் கரை வில்லாவுக்கு எழுதியிருக்கிறோம். தொட்டிலும் கட்டிலின் ஓரத் தடுப்பும் கட்டணமின்றி வைப்பார்களாம். படகில் குழந்தைக்கான அங்கி இருக்கிறது, எடையை மட்டும் முன்கூட்டிக் கேட்டிருக்கிறார்கள்.

தாழம்பூ:

மூன்று பக்க வேலிக்கு வேலி என்று பெயர் வைத்தவர்கள் யாரோ! நல்ல முடிவு. எடையைப் புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒரு முறை பார்த்து எழுதுங்கள்; இந்த வயதில் பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள்.